சாமியார் வராத வெள்ளிக்கிழமைகள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பழைய கத்தோலிக்கக் கோயில்களுக்குள் நுழைந்தால் பக்கச் சுவர்களில் பதினான்கு சட்டங்கள் தொங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் ஏழு, எதிர்ப்பக்கம் ஏழு. வசதியுள்ள ஊரில் சுதையில் வார்த்த புடைப்புச் சிற்பம். வசதியில்லாத ஊரில் கண்ணாடி போட்ட அச்சுப்படம். தீர்ப்பிடப்பட்ட இயேசு முதல் கல்லறையில் வைக்கப்பட்ட இயேசு வரை எல்லாம் வரிசையாக இருக்கும்; இவைதான் சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்கள். முறைப்படி நிறுவிய கோயிலில் ஒவ்வொரு சட்டத்தின் தலையிலும் சிறிய மரச்சிலுவை ஒன்று இருக்கும். படத்தைப் பார்த்து உருகுகிறவர்கள் அந்தச் சிலுவையை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. திருச்சபைச் சட்டத்தின் பார்வையில் சிலுவைப்பாதை என்பது அந்தப் பதினான்கு மரச்சிலுவைகள்தான். படமே இல்லாமல் ஸ்தலம் நிறுவலாம், மரச்சிலுவை இல்லாமல் நிறுவ முடியாது.

சட்டப் புத்தகத்தின் ஒரு மூலையில் கிடக்கும் விதிதான் இது. ஆனால் சேலம்-நாமக்கல் சமவெளிக்கு இது பெரிய கொடை. மண்சுவரும் ஓலைக்கூரையுமாக இருந்த சிற்றாலயத்துக்குச் சிற்பம் வாங்க வழியிருக்காது. பதினான்கு துண்டு மரத்துக்கு எங்கும் வழியுண்டு.

இந்தப் பக்திமுயற்சியின் வேர் எருசலேமில் இருக்கிறது. புனித நாட்டின் திருத்தலங்களைக் காக்கும் பொறுப்பு 1342-இல் பிரான்சிஸ்கன் சபையாருக்கு வந்தது. இயேசு சிலுவை சுமந்து போன வழி என்று நம்பப்பட்ட தெருக்களில் பயணிகளை அழைத்துப் போய், ஆங்காங்கே நிறுத்திச் செபிக்க வைத்தவர்கள் அவர்கள். ஊர் திரும்பிய ஐரோப்பியப் பயணிகள் அதே வழியைத் தங்கள் ஊரில் அமைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தார் ஒருவர் எருசலேமில் ஸ்தலத்துக்கு ஸ்தலம் தூரத்தை அளந்து குறித்துக்கொண்டார், வழியில் குறிப்பைத் தொலைத்துவிட்டார், மறுபடி போய் அளந்து வந்தார் என்று ஒரு கதை உண்டு. அந்த நகரில் சிற்பி ஆதாம் கிராஃப்ட் செதுக்கியது ஏழு ஸ்தலங்கள். முப்பதுக்கு மேல் வைத்த ஊர்களும் இருந்தன.

எண்ணிக்கை பதினான்காக உறைந்தது 1731-இல். பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்டு அவ்வாண்டு எல்லாக் கோயில்களிலும் சிலுவைப்பாதை நிறுவ அனுமதித்தார்; நிறுவுகிறவர் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு முன் 1686-இல் பதினொன்றாம் இன்னசெண்டு இந்த உரிமையைப் பிரான்சிஸ்கன் கோயில்களுக்கு மட்டும் கொடுத்திருந்தார். எருசலேமுக்குப் போனால் கிடைக்கும் ஞானபலன் அனைத்தும் உள்ளூர்க் கோயில் சுவரோரம் நடந்தாலே கிடைக்கும் என்றதும் ஐரோப்பா முழுவதும் பதினான்கு சிலுவைகள் ஏறின. போர்ட் மோரிசு நகரின் புனித லெயோனார்டு ஒருவரே 570-க்கு மேற்பட்ட இடங்களில் நிறுவினார். 1750 டிசம்பரில் உரோமையின் கொலோசேயத்துக்குள்ளும் ஒன்றை நிறுவினார்.

இந்தச் சமவெளிக்குக் கிறித்தவம் அதற்கும் நூறாண்டு முந்தியே வந்துவிட்டது. 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்ட சேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே ஆட்சி செய்தவர் இராமச்சந்திர நாயக்கர், மதுரைக்குக் கட்டுப்பட்டவர். அங்கிருந்து சேலம், பிறகு இன்று திருச்செங்கோடு வட்டத்தில் இருக்கும் மோரமங்கலம் என்று அவர் பணி நகர்ந்தது. 1640 முதல் மதுரை மறைப்பணித்தளத்தில் பண்டாரசுவாமிகள் என்ற புதுவகைக் குருக்கள் காவியுடுத்து, தெ நோபிலியின் வழிமுறைக்கு எட்டாத சாதியாரிடையே நேரடியாகப் பழகத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து விசுவாசிகளுக்கு இன்றைய பதினான்கு ஸ்தலங்கள் தெரியாது. பாடுகளின் கதை அவர்கள் காதில் விழுந்தது பிரசங்கமாகவும் புலம்பலாகவும்தான்.

புலம்பல் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. தமிழருக்குச் சாவு வீட்டில் ஒரு மொழி உண்டு, அது ஒப்பாரியின் மொழி. பாடுகளைச் சொல்ல வந்தவர்கள் அந்த மொழியையே பற்றிக்கொண்டார்கள். 1705-இல் இலங்கைக்கு வந்து, டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் பணிசெய்த கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ இதற்குச் சான்று. ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் தபசு காலத்தில் அதை இன்றும் இராகம் போட்டு வாசிக்கிறார்கள். சிலுவைப்பாதையின் நான்காம் ஸ்தலத்தில் மகனும் தாயும் வழியில் சந்திக்கிறார்கள். பதின்மூன்றாம் ஸ்தலத்தில் இறந்த உடலைத் தாய் மடியில் வாங்குகிறாள். ஊர்ப் பெண்களின் குரல் இந்த இரண்டிலும் சட்டென்று கனப்பதற்குப் பின்னால் அந்தப் பழைய ஒப்பாரி மரபு இருக்கிறது.

1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்துப் பாரீசு வேதபோதகச் சபையார் பாண்டிச்சேரியிலிருந்து பொறுப்பேற்றார்கள். நிலமோ பரந்தது, குருக்களோ சிலர். ஒரு சாமியார் குதிரையிலோ மாட்டுவண்டியிலோ ஊர் ஊராகச் சுற்றி, பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து அடுத்த ஊருக்குப் போவார். மறுபடி அவர் முகம் தெரிய மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் வேதம் உயிரோடு இருந்தது உபதேசியார் கையில். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பதும், சாகக் கிடப்பவர் பக்கத்தில் செபிப்பதும், ஞாயிறன்று ஊரைக் கூட்டுவதும் அவர் வேலை.

இங்கேதான் சிலுவைப்பாதையின் தனித்தன்மை வெளிப்படுகிறது. பூசைக்குக் குருப்பட்டம் வேண்டும், பாவசங்கீர்த்தனத்துக்கும் வேண்டும். சிலுவைப்பாதைக்கு வேண்டியதில்லை. முறைப்படி சிலுவைகளை மந்திரித்து நிறுவ ஒருமுறை அதிகாரம் பெற்ற குரு வந்தால் போதும். அதன் பிறகு யாரும் முன்னின்று நடத்தலாம், தனியாளாகவும் செய்யலாம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டு வழி திறக்கும்வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. சாமியார் பீடத்தின் பக்கம் திரும்பி நின்று முணுமுணுப்பார், பின்னால் சனங்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். சிலுவைப்பாதை தமிழில் நடந்தது. மூதாட்டி ஒருத்திக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, மனப்பாடமானது, அவள் வாயாலேயே பதிலாகத் திரும்பி வந்தது. தபசு காலத்து வெள்ளிக்கிழமைகள் சனங்களின் கைக்கு வந்ததும், வந்த பிறகு கை நழுவாமல் இருந்ததும் இதனால்தான்.

முறை எளிது. பீடத்திலிருந்து பெரிய சிலுவையை ஒருவர் ஏந்தி முன்னால் வருவார். இரு பக்கமும் மெழுகுதிரி பிடித்த பீடச்சிறுவர்கள், திரியின் சுடரை உள்ளங்கையால் அணைத்தபடி. ஸ்தலத்தின் பெயரைச் சொன்னதும் கூட்டம் முழுக்க முழந்தாளிடும். ஆராதனை வாக்கியத்தின் முதல் பாதியை முன்னிற்பவர் சொல்ல, மறுபாதியைச் சனங்கள் முடிப்பார்கள். பிறகு எழுந்து நின்று தியானம் கேட்பார்கள். பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், திரித்துவ தோத்திரம். பாட்டின் ஓரடியைப் பாடிக்கொண்டே சிலுவை அடுத்த சட்டத்துக்கு நகரும். கோயிலில் நடக்க இடமில்லாத அளவு கூட்டம் இருந்தால் சிலுவையும் திரிகளும் மட்டும் நகரும். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்வார்கள். ஒரு மாலையில் பதினான்கு முறை முழந்தாளிட்டு எழும்போது சிமெண்டுத் தரையின் சொரசொரப்பு முட்டியில் பதிந்திருக்கும். இயேசு உயிர்விடும் பன்னிரண்டாம் ஸ்தலத்தில் யாரும் உடனே எழுவதில்லை. இருமலை அடக்கிக்கொண்டு, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு, சிறிது நேரம் அப்படியே இருப்பார்கள்.

பதினான்கில் சில காட்சிகள் நற்செய்தி நூல்களில் இல்லை. இயேசு மூன்று முறை விழுந்ததும், வெரோணிக்கா முகம் துடைத்ததும் மக்கள் மரபு பாதுகாத்த நினைவுகள். ஐந்தாம் ஸ்தலத்துச் சீமோன் நற்செய்தியில் இருக்கிறார். வயற்காட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் படைவீரர் பிடித்துச் சிலுவையைத் தூக்க வைத்தார்கள். பிறர் வயலில் கூலிக்குப் போய், வழிமறிக்கப்பட்டு வேறு வேலைக்கும் ஏவப்பட்டு வாழ்ந்த ஒரு சனத்துக்கு இந்த ஆள் அந்நியராகப் பட்டிருக்க முடியாது.

நடப்பதும் நிற்பதும் வணங்குவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறுகிறவர்களுக்கு அறுபதாம் படி தெரியும். வழக்குத் தீராதவர்கள் அங்கே சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள், அந்தச் சத்தியத்தை ஊர் ஏற்றது. தைப்பூசம் முடிந்த கையோடு எடப்பாடியிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்து போகிறார்கள். அவர்களில் பர்வதராஜகுலம் என்ற சமூகத்தார் பழனி மலை மேலேயே பஞ்சாமிர்தம் செய்து ஓரிரவு தங்கும் உரிமை இன்றும் நிலைத்திருக்கிறது. அவர்கள் திரும்பிவரும் நாட்களை ஒட்டித்தான் பல ஆண்டுகளில் விபூதிப் புதன் வரும், தபசு காலம் தொடங்கும். உடம்பை வருத்தி, ஒவ்வொரு நிலையிலும் நின்று, வேண்டிக்கொண்டு மேலே போவது என்பதை இந்த ஊர்க் கத்தோலிக்கர் ஐரோப்பியச் சாமியாரிடம் கற்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய தாத்தாக்களின் கால்களுக்கு அது முன்பே தெரியும்.

நோன்பின் சொற்களும் அப்படியே. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒருவேளை முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கு. கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு ஒருசந்தி கட்டாயமில்லை என்று திருச்சபையே சலுகை கொடுத்திருந்தது. ஆனாலும் தறிக்குழியில் உட்கார்ந்தவர்களும் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கியவர்களும் வெள்ளிக்கிழமை ஒருசந்தியை விட்டுக்கொடுக்கவில்லை. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் தபசு காலம் முழுக்க முட்டையையும் தொடாத குடும்பங்கள் உண்டு.

1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தை உலுக்கியது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1881-இல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் குறைந்தார். பாண்டிச்சேரிப் பணித்தளத்தில் மேற்றிராணியார் லவுவெனான் காலத்தில் பல்லாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றது இந்தப் பஞ்ச நாட்களில்தான். கஞ்சிக்காக வந்தார்கள் என்று அவர்களை எளிதாக ஒதுக்கிவிடுகிற பேச்சு அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது. அது நியாயமான பேச்சாகப் படவில்லை. பசியோடு வந்தவர்களில் பலர் பஞ்சம் போன பிறகும் கோயிலில் இருந்தார்கள். கீழே விழுகிற, உடை உருவப்படுகிற, குடிக்கத் தண்ணீர் கேட்கிற ஒரு தெய்வத்தின் முன்னால் அவர்கள் எதைக் கண்டார்கள் என்பதற்கு எழுத்தில் சாட்சியம் குறைவு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே ஸ்தலங்களில் முழந்தாளிட்டார்கள் என்பதே சாட்சியம்.

1930 மே 26-ஆம் நாள் பாண்டிச்சேரியிலிருந்தும் பக்கத்து மறைமாவட்டங்களிலிருந்தும் பிரித்துச் சேலம் தனி மறைமாவட்டமானது. பாரீசு சபையைச் சேர்ந்த ஹென்றி புருனியே முதல் மேற்றிராணியார். அரிசிபாளையத்துக் குழந்தை இயேசு கோயில் இன்று பேராலயம். 1997-இல் தருமபுரி பிரிந்து போன பிறகு சேலமும் நாமக்கல்லும் ஒரே மறைமாவட்டமாக இருக்கின்றன. ராசிபுரத்துக்குப் பக்கத்துக் காக்காவேரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் இதற்குள் வருகின்றன.

மறைமாவட்டம் பிறந்த அதே நாட்களில் மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கம் பல ஊர்களை விழுங்கியது. பண்ணவாடிப் பக்கம் நாயம்பாடியில் இருந்த கிறித்தவக் கோயிலும், ஜலகண்டேசுவரர் கோயிலும் நீருக்கடியில் போயின. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. டெல்டாப் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் பருவம் ஜூன் 12 தொடங்கி ஜனவரி 28-இல் முடிகிறது. அதன் பிறகு வரும் மாதங்களில், நல்ல மழையில்லாத ஆண்டுகளில், மட்டம் இறங்கிக்கொண்டே போய் முதலில் கிறித்தவக் கோயிலின் கோபுரம் தலை காட்டும், இன்னும் இறங்கினால் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி வெளியே வரும். காலண்டரைப் பார்த்தால் அது பெரும்பாலும் தபசு காலமோ அதை அடுத்த கோடையோதான். பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. குடிபெயர்ந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு அது தாத்தா திருமணமான கோயில்.

சேலத்துக் கிறித்தவர் எல்லோரும் சிலுவைப்பாதை செய்கிறவர்கள் அல்லர். 1827-இல் இலண்டன் மிஷன் சங்கத்தின் ஹென்றி கிறிஸ்ப் தொடங்கிவைத்த புரொட்டஸ்டண்டு மரபில் பதினான்கு ஸ்தலங்களுக்கு இடமில்லை. அங்கே பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணிவரை சிலுவையின் ஏழு வார்த்தைகள்மேல் பிரசங்கம் நடக்கும். வியப்பு என்னவென்றால், இந்த மும்மணி ஆராதனையை உருவாக்கியவர் பெரு நாட்டு லிமா நகரின் சேசு சபைக் குரு அலோன்சோ மெசியா. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கரிடையே பிறந்தது, கடல் கடந்து, சபை கடந்து, சேலத்துச் சி.எஸ்.ஐ. கோயில்களில் நிலைத்தது.

வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சிலுவைப்பாதை சுவரைவிட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது. திண்டிவனத்தில் அமைந்த தமிழக விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம் போன்றவற்றின் வழியாகப் புதிய தமிழ் பரவியது. ஸ்தலம் நிலையானது, தபசு காலம் தவக்காலமானது, பூசை திருப்பலியானது. தியானங்களில் கூலி, குடிதண்ணீர், வரதட்சணை, குடிப்பழக்கம் எல்லாம் நுழைந்தன. பதினைந்தாவதாக உயிர்ப்பைச் சேர்க்கும் வழக்கமும் வந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியங்கள் உருவான பின், ஒவ்வொரு நிலையும் ஓர் அன்பியத்தின் பொறுப்பு. வாசலில் மேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, படமும் மெழுகுதிரியும் வைத்துக் காத்திருப்பார்கள். சரக்கு ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி முன்னால் போகும். தியானம் வாசிப்பது பெரும்பாலும் பெண்கள்தான். ஒருகாலத்தில் உபதேசியார் என்ற ஆண் நின்ற இடம் அது. இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிட்டதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை, பேசியிருக்க வேண்டும்.

2020 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. கொரோனா ஊரடங்கு தொடங்கி இரண்டு வாரம் கடந்திருந்தது. தமிழ்க் குடும்பங்கள் தொலைக்காட்சியின் முன்னால் முழந்தாளிட்டன. உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் சிலுவைப்பாதையை நடத்தினார். அந்த ஆண்டுத் தியானங்கள் இத்தாலியின் பாதுவா நகரச் சிறைச்சாலைக் குடும்பத்திலிருந்து வந்தவை. கைதிகளும் அவர்களோடு தொடர்புடையவர்களும் எழுதியவை. இப்படிக் கோயிலுக்கு வெளியே செய்வதும் புதிதல்ல. கோயிலுக்குப் போக முடியாத நோயாளிகளும் கடற்பயணிகளும் கைதிகளும் மந்திரித்த பாடுபட்ட சுரூபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தச் செபத்தைச் செய்தால் முழுப்பலன் உண்டு என்று பதினான்காம் கிளமெண்டு சொன்னது 1773-இல். அதே ஆண்டில் அதே பாப்பரசர்தான் சேசு சபையைக் கலைத்துத் தமிழ்நாட்டுப் பணித்தளங்களைத் தவிக்க விட்டார் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

தெருவுக்கு வந்த சிலுவைக்கு ஒரு கேள்வியும் கூடவே வந்தது. எந்தத் தெரு? தமிழகக் கத்தோலிக்கரிடையே சாதித் தெருக்கள் உண்டு. தனிக் கல்லறைகள் உண்டு. சேலத்துக்குக் கிழக்கே, பாண்டிச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், பிரதானத் தெரு வழியாக இறந்தோர் உடலை எடுத்துப்போகும் உரிமையும் தனிப்பங்கும் கேட்டுத் தலித் கத்தோலிக்கர் போராடினார்கள். 2008 மார்ச் 9-ஆம் நாள் அங்கே கலவரம் மூண்டு, காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். அன்று தவக்காலத்து ஞாயிறு. அடுத்த ஞாயிறு குருத்தோலை.

நாமக்கல் கிறிஸ்து அரசர் ஆலயமாக இருந்தாலும் மண்சாலை முடிவில் நிற்கும் துணைப்பங்குச் சிற்றாலயமாக இருந்தாலும், பெரிய வெள்ளிக்கான வழித்தடத்தை முடிவு செய்வது பங்குச் சாமியாரும் பங்குப் பேரவையும் சேர்ந்து கூடும் கூட்டம்தான். எந்த வீட்டு வாசலில் மேசை, எந்தச் சந்தில் திரும்புவது, எங்கே முடிப்பது என்றெல்லாம் அங்கே பேசுவார்கள். சிலுவை கடைசித் தெரு வரை போகிறதா, அங்கே வாசிக்க அந்தத் தெருப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்களா, முதல் நிலையை ஒருமுறையாவது அங்கிருந்து தொடங்கியிருக்கிறார்களா என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்கிறவர்கள் இப்போது சில ஊர்களில் இருக்கிறார்கள். மற்ற ஊர்களிலும் கேட்க வேண்டும், விபூதிப் புதனுக்கு முன்பே.